நியமனம் வரும்வரை கை மறக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தாதியப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பலர் இருக்கிறார்கள். காத்திருப்பு நீள நீள, கற்றது கையை விட்டுப் போகிறதே என்ற பயமே அவர்களின் மனதை அதிகம் உடைக்கிறது. தினமும் அரை மணி நேரமாவது பயிற்சி செய்யுங்கள்.

ஒரு லீற்றர் சேலைனை 8 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும், அதை ஏற்றும் குழாய்ச் செட்டில் மில்லிலீற்றருக்கு 20 துளி என்று வைப்போம். 1000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி. மணித்தியாலத்தை நிமிடமாக்க மறப்பதும், 60 துளிச் செட்டுக்கு 20 என்று போடுவதும்தான் வழக்கமான பிழைகள். செட்டின் உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்த பிறகே கணக்குப் போடுங்கள். இதயம் நின்றவருக்குச் செய்யும் நெஞ்சழுத்தத்தைத் தலையணையிலும் பழகலாம். 5 சென்ரிமீற்றர் ஆழம் அதில் பிடிபடாது. ஆனால் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம் கைக்கு வந்துவிடும்.

தாதியர் சபைப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கல்விச் சான்றிதழ் மூன்றிலும் பெயரின் எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். அரச வேலை அறிவித்தல்கள் வரும் வெள்ளிக்கிழமை வர்த்தமானியைத் தவறவிடாதீர்கள்.

சிங்களமும் படியுங்கள். அம்பாறையில் நியமனம் கிடைத்தால், வலி எங்கே என்று நோயாளியிடம் நீங்களே கேட்க வேண்டுமல்லவா?

மூத்த தாதிய உத்தியோகத்தர்கள் சிலர்,
மட்டக்களப்பு.