மூன்று ரவுட்டர்களில் எதையும் கழற்றிவிடாதே

ஹட்டன்,
20.10.2024

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். பொங்கலுக்கு வரும்போது இரண்டு கிழமை வீட்டிலிருந்தே அலுவலக வேலையைச் செய்யப்போவதாகச் சொன்னாய். வந்தவுடன், இணைய இணைப்பைக் கருவிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் மூன்று ரவுட்டர்களையும் பார்த்து, "எதற்கம்மா இத்தனை?" என்று கேட்டுக்கொண்டே ஒன்றைக் கழற்றிவிடுவாய் என்ற பயத்தில்தான், போனில் சொல்லி முடியாத இந்த விடயத்தை எழுதுகிறேன்.

பின்பக்க அனெக்ஸை இரண்டு பையன்களுக்கு வாடகைக்குக் கொடுத்தபோது, இணைய வசதியும் தருவதாக ஒப்புக்கொண்டேன். இணைப்பு வந்து சேரும் முன்னறைப் பெட்டியின், அதாவது முதல் ரவுட்டரின், வைஃபை நம் கருங்கல் சுவரைத் தாண்டி அங்கே போய்ச் சேரவில்லை. டவுனிலிருந்து வந்த ஒருவர், நீ விட்டுச்சென்ற பழைய ரவுட்டரை அனெக்ஸில் வைத்து, இங்கிருந்து முப்பது மீட்டர் கேபிள் இழுத்து, வேறொரு பெயரும் கடவுச்சொல்லும் போட்டுக் கொடுத்தார். பெயர் வேறு, கடவுச்சொல் வேறு என்பதால் அவர்களுடைய வலை வேறு, நம்முடையது வேறு என்றே நான் நம்பியிருந்தேன்.

ஒரு நாள் இரவு பத்து மணிக்கு, டியூஷன் தாள்கள் அடிக்கும் நம் பிரிண்டர் தானாக விழித்துக்கொண்டு இரண்டு பக்கங்களைத் துப்பியது. எடுத்துப் பார்த்தால், அனெக்ஸில் இருக்கும் பையன் ஒருவனின் சுயவிபரக்கோவை. வேறு வேலைக்கு விண்ணப்பிக்கிறான் என்பது அவன் மேலதிகாரிக்குத் தெரியும் முன் எனக்குத் தெரிந்துவிட்டது. தன் அலுவலகப் பிரிண்டர் என்று நினைத்து, போனில் தெரிந்த பெயரைத் தொட்டிருக்கிறான். காலையில் தாளை மடித்துக் கையில் கொடுத்தபோது அவன் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. பிரிண்டர் அவனுக்குத் தெரிகிறதென்றால், என் கணினியில் பகிர்ந்து வைத்திருக்கும் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளும் தெரியலாம் அல்லவா என்ற எண்ணத்தில் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

காரணம் மிகச் சிறியது. கேபிளின் இரு முனைகளும் லேன் (LAN) போர்ட்டில், அதாவது வீட்டுக் கருவிகளுக்கான துளையில், செருகப்பட்டிருந்தன. அப்படிச் செருகி, கருவிகளுக்கு எண்முகவரி வழங்கும் வேலையையும் நிறுத்திவிட்டால், இரண்டாவது ரவுட்டர் வெறும் வைஃபை நீட்டிப்பாகத்தான் இயங்கும். வாசல் இரண்டானாலும் வீடு ஒன்றுதான். அனெக்ஸ் பக்க முனையை, வேறு நிறத்தில் தனித்திருக்கும் வான் (WAN) போர்ட்டுக்கு, அதாவது வெளி இணைப்பு வரும் துளைக்கு, மாற்றினால்தான் ரவுட்டர் தனக்கென்று ஒரு வலையை அமைத்து, அதன் வாசலில் காவலும் நிற்கும்.

இதை உனக்குத் தோட்டத்துக் கதையாகவே சொல்லலாம். உன் தாத்தா காலத்தில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கென்று தனி விலாசம் கிடையாது. கடிதங்கள் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, பின்னர்தான் உரியவர் கைக்குப் போகும். வெளியுலகுக்குத் தெரிந்தது ஆபீஸ் விலாசம் ஒன்றுதான். நம் இணைப்பும் அப்படித்தான். இணைய நிறுவனம் அறிந்தது ஒரு முகவரியை, உள்ளே 192.168 என்று தொடங்கும் எண்கள் எல்லாம் லயத்து இலக்கங்கள் போன்றவை, வீடு, அலுவலகம் போன்ற தனிப்பட்ட வலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை, உலகில் எத்தனையோ வீடுகளில் திரும்பத் திரும்ப வருபவை. உள்ளிருந்து யார் கடிதம் போட்டார்கள் என்பதை ரவுட்டர் குறித்து வைத்துக்கொண்டு, பதிலை அவரிடமே சேர்க்கும். கேட்காமல் வந்த கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடும்.

வான் போர்ட்டுக்கு மாற்றிய பின் பையன்களின் போனில் பிரிண்டர் தெரியவில்லை. முடிந்தது என்று எண்ணினேன். ஆனால் ஆசிரியர் புத்தி சும்மா இருக்குமா? அனெக்ஸ் திண்ணையில் நின்று, என் போனில் அவர்களுடைய வைஃபையைப் பிடித்து, நம் கேமராவின் எண்ணை விரலால் அடித்துப் பார்த்தேன். உள்நுழையும் பக்கம் அப்படியே திறந்தது! காவல் என்பது வெளியிலிருந்து உள்ளே வருபவருக்குத்தான், உள்ளிருந்து வெளியே போபவருக்கு இல்லை. அனெக்ஸ் ரவுட்டரின் கணக்கில் அவர்களை உள்ளேயும் நம்மை வெளியேயும் வைத்திருந்ததால், அவர்களுக்கு நம் வீடு நடுத்தெரு போலத் திறந்து கிடந்தது. முறையைத் திருப்பி, அவர்களை வெளியே வைத்து நாம் உள்ளே போயிருந்தால் அவர்களால் வர முடியாது. ஆனால் நம் போக்குவரத்து முழுவதும் அவர்கள் முற்றத்தைக் கடந்தே போய்வர வேண்டியிருக்கும், கெட்டிக்காரன் ஒருவன் நடுவில் புகுந்து நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று கவனிக்க முடியும்.

ஆகவேதான் மூன்றாவது ரவுட்டரை வாங்கினேன். முன்னறைப் பெட்டியில் வேறெந்தக் கருவியும் இல்லை. அதன் இரு லேன் போர்ட்டுகளிலிருந்து ஒரு கேபிள் நம் ரவுட்டரின் வான் போர்ட்டுக்கும், மற்றது அனெக்ஸ் ரவுட்டரின் வான் போர்ட்டுக்கும் போகிறது. பெட்டி 192.168.1, நாம் 192.168.2, அவர்கள் 192.168.3, மூன்றும் வெவ்வேறாக இல்லாவிட்டால் ரவுட்டருக்கே உள்ளும் புறமும் தெரியாமல் குழம்பிவிடும். திண்ணையில் நின்று மறுபடி சோதித்தேன்: 192.168.2 என்று தொடங்கும் எதுவும் திறக்கவில்லை. 192.168.1.1 மட்டும் திறந்தது, ஏனெனில் அந்தப் பெட்டி இருவருக்கும் பொதுவானது. அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றினேன்.

ரவுட்டரிலேயே விருந்தினருக்கெனத் தனியாக வரும் வைஃபை போதாதா என்று நீ கேட்பாய். முன்னறையில் வரும் பேரன் பேத்திகளுக்குப் போதும். சுவருக்கு அப்பால் கேபிளில் போகும் ரவுட்டருக்கு அது உதவாது. ஒரே கேபிள் வலையை வீலான் (VLAN) என்ற தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் சுவிட்ச் வாங்கினால் இதைவிட நேர்த்தியாக இருக்குமாம், ஆனால் இரவில் பழுதானால் அதை நான் திருத்த முடியாது. இப்போதிருக்கும் முறையில் ஒரு குறையும் உண்டு. ஒவ்வொரு கடிதமும் இரண்டு ஆபீஸ் தாண்டுவதால், வெளியிலிருந்து நேராக உள்ளே வரவேண்டிய எதற்கும் இரண்டு இடத்தில் வழி திறக்க வேண்டும். உன் அலுவலக வலைக்குப் போகும் பாதுகாப்பான பாதையான விபிஎன் (VPN) உள்ளிருந்து வெளியே போவதாகையால் பெரும்பாலும் தடை இருக்காது. நீ வந்த முதல் நாளே சோதித்துப் பார்.

ஒன்றின் வைஃபை அலை மற்றதை இடறாதிருக்க நம் ரவுட்டர் சேனல் 1இலும் அவர்களுடையது 11இலும் இருக்கின்றன, மாற்றாதே. இடி வரும் போலிருந்தால், முழங்கத் தொடங்கும் முன்பே அனெக்ஸ் கேபிளை இரு முனையிலும் கழற்றிவிடு, ஏனெனில் அது வெளியில் தகரக் கூரையோரமாக ஓடும் செப்புக் கம்பி. திரும்பச் செருகும்போது தடுமாறாமலிருக்க வான் போர்ட்டுகளின் மேல் சிவப்பு நகப்பூச்சுப் புள்ளி வைத்திருக்கிறேன். மின்சாரம் போனாலும் இணைப்பைத் தாங்க 2022 மின்வெட்டில் வாங்கிய சிறிய யூபிஎஸ் முன்னறைப் பெட்டிக்கு மட்டுமே போதுமாக இருக்கிறது. நீ வரும்போது நம் ரவுட்டருக்கும் 12 வோல்ட்டில் ஒன்று வாங்கி வா. முன்னறைப் பெட்டியில் வைஃபை விளக்கு எரியாது. அதைப் பழுதென்று எண்ணி இயக்கிவிடாதே, நான்தான் அணைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா