மாறுதல் விண்ணப்பத்தை இப்போது கொடுக்க வேண்டாம்

சேலம்,
ஜூன் 4

அன்பு மகளுக்கு,

இங்கு அப்பாவும் நானும் நலம். சேலம் வட்டாரத்துக்கு மாறுதல் கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருப்பதாகவும், இந்த மாதக் கடைசிக்குள் மேலாளரிடம் கொடுத்துவிடப் போவதாகவும் ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். தொலைபேசியில் பதில் சொல்லத் தொடங்கினால் நீ பாதியில் குறுக்கிடுவாய், எனக்கும் குரல் உயர்ந்துவிடும் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். விண்ணப்பத்தை இப்போது கொடுக்க வேண்டாம், கண்ணு. பொங்கல் வரையிலாவது அது உன் மேசை இழுப்பறையில் இருக்கட்டும்.

நீ வங்கியின் தூத்துக்குடிக் கிளையில் சேர்ந்தது மார்ச் கடைசியில், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில். அது அடங்குவதற்குள் ஏப்ரல் 15 வந்து மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. முன்பு 45 நாட்களாக இருந்த இந்தத் தடை 2017 முதல் 61 நாட்கள் ஆயிற்று. ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் ஒரு விசைப்படகும் கடலுக்குள் போக முடியாது. அந்த இரண்டு மாதத்தின் வால் பகுதியிலேயே பள்ளிக்கூடமும் திறந்துவிடுகிறது. வருமானம் நின்றுபோன வீட்டில் பள்ளிக் கட்டணமும் சீருடையும் நோட்டுப் புத்தகமும் ஒன்றாக வந்து நின்றால், அந்த வீட்டுப் பெண் நகைக்கடன் கவுண்டரைத் தவிர வேறெங்கே போவாள்? ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வாசலில் வரிசை நிற்கிறது, பதினோரு மணிக்குள் டோக்கன் தீர்ந்துவிடுகிறது, அதன் பிறகு வருகிறவர்கள் எல்லாம் என்னிடம்தான் கோபப்படுகிறார்கள் என்று நீ சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் நீ இதுவரை பார்த்திருப்பது அந்த ஊரின் மிக இறுக்கமான மாதங்களை மட்டும். இதை வைத்துக்கொண்டு ஊரை எடைபோடுவது நியாயமாகாது.

போன வாரம் நீயே ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா? ஓர் அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சங்கிலியை மேசைமேல் வைத்தார்கள். உங்கள் நகை மதிப்பீட்டாளர் அதை உரைகல்லில் தேய்ப்பதற்கு முன்பே, கொக்கி ஓரம் சாமணத்தால் நெளித்துச் சரிசெய்திருந்த அடையாளத்தைப் பார்த்து, "இது போன வருஷமும் வந்த சங்கிலிதானே" என்று சிரித்தாராம். அந்த அம்மாளும் கூச்சப்படாமல், "ஆடி கழிஞ்சா எடுத்துருவேன் அண்ணாச்சி" என்றார்களாம். நீ இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னாய். எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது. ஏப்ரலில் உள்ளே போய் ஆகஸ்டில் வெளியே வரும் அந்தச் சங்கிலிதான் உன் கிளையின் நகைக்கடன் கணக்கு. அது பெட்டகத்துக்குள் போவதை மட்டும் பார்த்துவிட்டு, திரும்பி அந்த அம்மாளின் கழுத்துக்கு ஏறுவதைப் பார்க்காமல் வந்துவிட்டால், அங்கே கற்றதாக நீ எதைச் சொல்வாய்?

கணக்கு வைத்திருக்கும் ஆண்கள் ஒருவரும் நேரில் வருவதில்லை, கையொப்பம் வாங்க முடியவில்லை, வாடிக்கையாளர் அடையாளத்தைச் சரிபார்க்கும் கே.ஒய்.சி. படிவங்கள் குவிந்து கிடக்கின்றன என்பது உன்னுடைய இன்னொரு குறை. தூத்துக்குடியில் விசைப்படகுகள் அதிகாலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது கட்டுப்பாடு. அப்படியிருக்க, காலை 10 முதல் மாலை 4 வரை திறந்திருக்கும் கவுண்டருக்கு அந்த மனிதர் எப்படி வருவார்? அதனால்தான் மனைவி வருகிறார்கள், மாமியார் வருகிறார்கள், சில நாட்களில் பள்ளிக்கூடப் பையன் வருகிறான். அந்த ஆண்கள் பகலில் கரையில் இருப்பது தடைக்காலத்தில்தான். அப்போதும் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது, வண்ணம் அடிப்பது, வலையைச் சீர்செய்வது என்று வேலையாகத்தான் இருப்பார்கள். ஆனாலும் அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணம் கணக்கில் போடுகிறதல்லவா, அது வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு முறையாவது கிளைக்கு வருவார்கள். அன்றே உட்காரவைத்து எல்லாப் படிவத்தையும் முடித்துக்கொள்ள வேண்டும். இந்த ஆண்டு இன்னும் பத்து நாட்கள் இருக்கின்றன, முடிந்தவரை முடி. 14-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு அவர்களைப் பிடிக்க முடியாது.

வெயிலைப் பற்றி நீ சொன்னதற்கு வருகிறேன். கடற்கரை ஊர் என்றால் பிற்பகலில் குளிர்ந்த காற்று வரும் என்று எதிர்பார்த்தாய். அங்கே வீசுவதோ தோலை உரிக்கும் மேல்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு வெறுங்கையாக இறங்கி வருவதால் அப்படி இருக்கிறது. ஆனால் நீ சபிக்கும் அந்தக் காற்றுக்காகத்தான் உன் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் காத்திருக்கிறார்கள். உப்பளத் தெப்பத்தில் தேக்கிய உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சினால், மழையில்லாத வெயிலும் ஈரமில்லாத காற்றும்தான் அதை உப்பாக்குகின்றன. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தபடி தமிழ்நாடு இருப்பதும், அதில் பெரும்பங்கு தூத்துக்குடியில் விளைவதும் இந்தக் காற்றின் தயவில்தான். மீன் நிற்கும் மாதங்களில் உப்பு ஓடுகிறது. அக்டோபரில் மழை இறங்கி உப்பு நின்றுபோகும்போது, புயல் எச்சரிக்கை இல்லாத நாட்களில் மீன் ஓடுகிறது. உப்பளத் தொழிலாளர்கள் விடியுமுன் இறங்கி, வெயில் உச்சிக்கு ஏறும்வரை வாரிவிட்டு, பிற்பகலில்தான் வங்கிக்கு வருகிறார்கள். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில் நாளெல்லாம் நின்றவர்களுக்குப் படிவத்தின் சிறிய எழுத்து தெரியாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு "நீங்களே எழுதிருங்கம்மா" என்று நீட்டினால் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடு. மழை மாதங்களில் அவர்களுக்கு 5,000 ரூபாய் அரசு நிவாரணம் வரும். அப்போது உன் கவுண்டரில் வேறொரு கூட்டம் நிற்கும். அதையும் நீ பார்க்க வேண்டாமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தைப் பற்றி உன் கிளையில் இன்னும் பேசுகிறார்கள் என்றாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையைவிட இது அதிகம். திருவைகுண்டம் நிலையத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்ட பயணிகளை நாம் இங்கே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். உப்பு அம்பாரங்கள் கரைந்து போன அந்த மாதத்தை அறியாமல், ஓர் உப்பள உரிமையாளரின் கடன் கோப்பில் தவணை தவறிய மாதங்களை மட்டும் சிவப்பு மையால் சுழித்து வைப்பது கணக்கு அறிந்தவர் செய்யும் வேலையாகாது. கோப்பைப் புரட்டும்போது மாதத்தைப் பார், பிறகு தொகையைப் பார்.

இதை நான் கருவூலத்தில் கற்றேன். நான் பணியில் இருந்த காலத்தில் ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதை நேரில் பார்த்து உறுதிசெய்யும் நேர்காணல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நடக்கும். ஏற்காடு சார்கருவூலத்துக்கு என்னை மாற்றியபோது, எல்லாரும் அனுதாபப்பட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளை நாள்தோறும் ஏறி இறங்க வேண்டும், மேலே போனால் பனியும் சளியும்தான் என்றார்கள். ஓய்வுபெற்ற வனக் காவலர்களும் பள்ளி ஆசிரியர்களும் மலைக் கிராமங்களிலிருந்து வர வேண்டிய அதே மே மாதத்தில் கோடை விழாவும் வரும்; பேருந்துகளில் நிற்கக்கூட இடம் இருக்காது. முதியவர்கள் வரவில்லை என்று பட்டியலில் குறித்துவிட்டால் அவர்களுடைய ஓய்வூதியம் நின்றுவிடும். ஆகவே தொலைவான ஊர்க்காரர்களை ஏப்ரலிலேயே வரச் சொல்லி, விழா வாரங்களை உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கும்படி அலுவலரிடம் கேட்டேன், அவர் ஒப்புக்கொண்டார். எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை. அந்த மலையின் ஒரு முழு ஆண்டைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

ஒன்றை மட்டும் நான் உன் பக்கம் நின்று சொல்வேன். இரவு எட்டு மணி வரை உட்கார வேண்டியிருப்பதும், கேஷ் நேராகாத நாளில் குறைந்த பணத்தை உன் கைப்பணத்திலிருந்து போட வேண்டியிருப்பதும் சிறிய குறைகள் அல்ல. ஆனால் அவை தூத்துக்குடியின் குறைகளும் அல்ல. மூன்று பேர் செய்யும் வேலைக்கு ஒருவரை வைத்தால் சேலத்தில் கடைவீதிக் கிளையானாலும் ஐந்து ரோட்டுக் கிளையானாலும் அதே எட்டு மணிதான். மாறுதல் வாங்கி வந்தால் அந்த நாற்காலி இங்கேயும் உனக்காகக் காத்திருக்கும். மேலாளரிடம் கேட்க வேண்டியது நகைக்கடன் கவுண்டருக்குத் தடைக்காலத்தில் மட்டுமாவது இன்னொரு ஆள். அதை வாய்மொழியாகக் கேட்காதே. நாள்தோறும் எத்தனை டோக்கன், எத்தனை நகைப் பொட்டலம், எத்தனை மணிக்குப் பெட்டக அறை பூட்டியது என்று எழுதி, தேதியிட்டுக் கொடு. மாறுதல் விண்ணப்பம் எழுதத் தெரிந்த கைக்கு இதுவும் எழுத வரும்.

ஆகஸ்ட் 5 தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா விடுமுறையில் சேலத்துக்கு வரலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாயாமே, அப்பா சொன்னார். ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை ஆணையைக் கடைசி வரி வரை படித்துப் பார். செலாவணி முறிச் சட்டம், 1881-இன்படி அது பொது விடுமுறை அல்ல என்று இருக்கும். வங்கி விடுமுறை அந்தச் சட்டப்படிதான், ஆகவே உன் கிளைக்குப் பொருந்தாது. அவசர அலுவல்களுக்காகக் கருவூலம் குறிப்பிட்ட பணியாளர்களோடு இயங்கும் என்றும் ஒரு வரி இருக்கும். அந்த வரியினால்தான் ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை அன்று ஊரே தெருவில் இருக்க, உன் அம்மா அலுவலகத்தில் இருந்தாள். நீ சின்னப் பிள்ளையாக அழுததும் அதற்குத்தான்.

எனவே நாங்கள் அங்கே வருகிறோம். மைசூர் எக்ஸ்பிரஸில் நள்ளிரவு தாண்டிச் சேலத்தில் ஏறினால் காலையில் உன்னிடம் வந்துவிடலாம். அப்பா பயணச்சீட்டு பார்க்கிறார். மணியாச்சியைக் கடக்கும்போது 1911, வாஞ்சிநாதன், ஆஷ் துரை என்று அவர் தொடங்கிவிடுவார் என்பதுதான் எனக்கு ஒரே கவலை. ஜூலை 26 கொடியேற்றத்துக்குப் பிறகு விடுதிகளில் இடம் கிடைக்காது என்கிறார்கள். உன் அறைக்கு அருகிலேயே இரண்டு பேர் தங்க இப்போதே விசாரித்து வை. தங்கத்தேர் 2023-இல் ஓடிவிட்டது. அது ஆண்டுதோறும் ஓடுவதில்லையாம். சப்பரத்தையாவது பார்த்துவிட்டு வருகிறோம். நீ பகலில் கவுண்டரில் இருப்பாய். மாலையில் எங்களோடு சேர்ந்துகொள்.

மல்கோவா முடியப் போகிறது. இந்த வாரப் பார்சலில் ஒரு பெட்டி மல்கோவாவும் கொஞ்சம் இமாம்பசந்தும் அனுப்புகிறேன். மேலே இருப்பவை பழுத்தவை, அவற்றை முதலில் எடு. மதிப்பீட்டாளர் அண்ணாச்சிக்கும் மேலாளருக்கும் கொடுத்துவிட்டு, காவலருக்கு மறந்துவிடாதே. ஆள் கேட்டு எழுதப் போகும் கடிதத்தின் நகலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. கொடுப்பதற்கு முன்பு ஒரு முறை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா