வார்டில் நிற்பவர்களும் பகுதி சபைக்கு வருபவர்களும் கவனிக்க

உறுப்பினர்களுக்கு வணக்கம். மாநகராட்சி வார்டுத் தேர்தலில் நிற்க நினைப்பவர்களுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உங்கள் பெயர் அதே மாநகராட்சியின் எந்த வார்டுப் பட்டியலில் இருந்தாலும் போதும். ஆனால் முன்மொழிபவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும். எதிர்த் தெரு வேறு வார்டு என்பது வேட்புமனுப் பரிசீலனை நாளில்தான் சிலருக்குத் தெரியவருகிறது, மனு தள்ளுபடியாகிவிடுகிறது. பாகம் எண், வரிசை எண் இரண்டையும் கடைசியாக வந்த வாக்காளர் பட்டியலைப் பார்த்தே எழுதுங்கள்.

2022 தேர்தலில் மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய், எஸ்சி, எஸ்டி வேட்பாளர்களுக்கு 2,000. இம்முறை எவ்வளவு என்பதை அறிவிப்பு வந்ததும் பாருங்கள். முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கு தர வேண்டும், தோற்றவர்களும்தான். டீக்கடை பில்லைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

நிற்காதவர்களுக்குப் பகுதி சபை, அதாவது வார்டுக்குள் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் கூட்டம், இருக்கிறது. அங்கே "ரோடு சரியில்லை" என்று பேசினால் எதுவும் நகராது. தெருப் பெயர், அருகிலுள்ள மின்கம்ப எண், பள்ளத்தின் நீளம் எத்தனை அடி, ஒரு போட்டோ, இவ்வளவும் மனுவில் வேண்டும். குடிநீர், குப்பை, தெருவிளக்கு மூன்றையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். தாள் ஒரு பிரிவுக்குப் போனால் மற்ற இரண்டும் அங்கேயே கிடக்கும். மனுவை வாங்குபவரிடம் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தீர்மான வாசகத்தைக் கூட்டம் கலைவதற்கு முன்பே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.