நீலப்பாய் விரியக் கை கொடுத்தவர்களுக்கு

கடலூர் முதுநகர், சோனாங்குப்பம், தேவனாம்பட்டினம், மஞ்சக்குப்பம், அப்புறம் புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாசி மகம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை உப்பனாற்றில் எங்கள் சின்னப் பாய்ப்படகு இறங்கியது. அன்று நன்றி சொல்ல நான் மைக்கைப் பிடித்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. கையில் இருந்த சீட்டிலும் பாதிப் பேர் விட்டுப்போயிருந்தார்கள். அதனால்தான் இந்த மடல். யார் பெயரையும் போடவில்லை. ஆசாரி அண்ணன், "பேரெல்லாம் வேணாம் சார், அப்புறம் ஊர்ல உடைஞ்சு கெடக்குற படகெல்லாம் எங்க வாசலுக்கு வந்துடும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி, எல்லோருக்கும் அதே விதி.

முதல் நன்றி, படகைச் சும்மாவே தூக்கிக் கொடுத்த சென்னைப் பெரியவருக்கு. ஒரு கொட்டகைக்குப் பின்னால் ஒன்பது வருடமாகக் கவிழ்ந்து கிடந்ததாம். 'என்டர்பிரைஸ்' ரகம். நான்கு மீட்டர் நீளம், பிளைவுட் உடம்பு, இரண்டு பேர் ஓட்டுவது. ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. 1956 ஜனவரிக் குளிரில் இந்த ரகத்துப் படகுகள் இரண்டு, ஒரு பத்திரிகையின் விளம்பரத்துக்காக, ராத்திரியோடு ராத்திரியாக ஆங்கிலக் கால்வாயைக் கடந்து காட்டியிருக்கின்றன. நீலப் பாய்தான் இதற்கு அடையாளம்.

பெரியவர் படகோடு ஒரு கதையையும் ஏற்றி அனுப்பினார். சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911ல் தொடங்கியது. தொடங்கியவர் அப்போது துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அடுத்த வருடம், 1912 மார்ச்சில், அதே மனிதரின் அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் ராமானுஜன். கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போனதும் அந்த வேலையில் இருந்தபோதுதான். கும்பகோணத்துப் பிள்ளைக்காகப் பரிந்து பேசியவரும் பாய்ப்படகுக்குச் சங்கம் வைத்தவரும் ஒரே ஆள் என்று எழுதி வைத்த அட்டை முன்னால்தான் அன்று பிள்ளைகள் அதிக நேரம் நின்றார்கள். நான் கணக்கு வாத்தியார் என்பதால் சொல்லவில்லை, உண்மையாகவே நின்றார்கள்.

படகை ஏற்றி வந்த லாரியைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. திண்டிவனம் தாண்டியதும் கயிறு தளர்ந்து பாய்மரம் கீழே விழுந்தது. "ஏற்கெனவே விரிசல் இருந்தது" என்றார்கள். அதோடு பேச்சு முடிந்தது.

இப்போது ஆசாரி அண்ணன். விசைப்படகு கட்டும் கை அது. முதல் நாள் எங்கள் படகைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மாவு கரைக்கிற தொட்டி மாதிரி இருக்கே" என்றார். அப்புறம் உளியைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் அடிப்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்ட ஆரம்பித்தார். டொக், டொக் என்று வந்த சத்தம் பாய்மரம் ஊன்றும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் பொத்தென்று அமுங்கியது. காதை வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். கட்டை விரலால் அழுத்தினார், விரல் உள்ளே போய்விட்டது. பார்க்க நன்றாக இருந்த இன்னும் இரண்டு இடங்களில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தால் இரண்டும் உளுத்திருந்தன. ஒடிந்த பாய்மரத்துக்கு, மரத்தின் தடிமனைப் போல எட்டு மடங்கு நீளத்துக்கு இரண்டு முனைகளையும் சரிவாகச் செதுக்கி, ஒன்றின் மேல் ஒன்றைப் படுக்க வைத்து ஒட்டினார். "நெட்டுக்குத்தா வெட்டி ஒட்டுனா முதக் காத்துலயே கழண்டுடும். சரிவுலதான் பசைக்கு எடம் கிடைக்கும்." ஒட்டு எங்கே இருக்கிறது என்று இப்போது கையால் தடவினாலும் தெரியாது. ரெசினுக்கும் பலகைக்கும் மட்டும்தான் காசு வாங்கினார். ஒன்பது நாள் கூலிக்கு நாங்கள் நீட்டிய கவரைத் தன் மகள் கையில் கொடுத்து எங்களிடமே திருப்பி அனுப்பிவிட்டார்.

கிழிந்த பாயைத் தைத்தவர் பந்தல் துணி தைக்கும் அண்ணன். ஒட்டுக்கு அதே நீலம் கிடைக்காமல் கொஞ்சம் வெளுத்த நீலத்தில் போட்டதற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறார். வேண்டாம் அண்ணே, தூரத்திலிருந்தே எங்கள் படகு தெரிவது அதனால்தான். பாய்க்குள் செருகும் பட்டைகள் முறிந்திருந்தன. கூடை முடையும் அக்கா மூங்கிலைப் பிளந்து, சீவி, நுனியில் துணி சுற்றிக் கொடுத்தார். பத்து நிமிட வேலை.

தேவனாம்பட்டினத்துத் தாத்தாவைப் பற்றி எழுதாவிட்டால் இந்த மடலே வீண். 2004 சுனாமியில் கட்டுமரம் போனதிலிருந்து அவர் கடலுக்குப் போவதில்லை. நீலப் பாயைப் பார்த்ததும், "வானத்துல கரைஞ்சு போயிடுமேடா, யாருக்குத் தெரியும்?" என்றார். அவர் காலத்தில் பாயை மரப்பட்டைச் சாயத்தில் முக்கிக் காயப் போடுவார்களாம், உப்புத்தண்ணீரில் சீக்கிரம் இற்றுப் போகாமலிருக்க. படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கும் பலகையைக் காட்டினோம். "இத நாங்க மரத்தோட ஓரத்துல இறக்குவோம். இல்லன்னா காத்து பக்கவாட்டுல தள்ளிட்டுப் போயிடும்" என்றார். நான் பாடப்புத்தக பாணியில் சொல்லிக்கொடுக்கத் தயாராக வைத்திருந்த விஷயம் அவ்வளவுதான்.

ஆங்கில அகராதியில் இருக்கும் 'கேட்டமரன்' நம் கட்டுமரம்தான். வில்லியம் டாம்பியர் என்ற மாலுமி 1697ல் அச்சிட்ட பயணநூலிலேயே அந்தச் சொல் இருக்கிறது. பிற்பாடு வெளிநாட்டு கிளப்புகளில் இரட்டை உடம்புள்ள பந்தயப் படகுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். இதைச் சொன்னபோது தாத்தா சிரித்தார். "ரெண்டு போட்ட சேத்து வெச்சா அது கட்டுமரமா?"

காற்றையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். கரையிலிருந்து வரும் கச்சான் அடங்கி, கடலிலிருந்து கொண்டல் திரும்பும் இடைவெளியில் பாய் சும்மா தொங்கும், அந்த நேரத்தில் படகை இறக்காதே என்றார். நாங்கள் சரியாக அந்த நேரத்தில்தான் இறக்கினோம். பாய் தொங்கியது. திடீரென்று கொண்டல் வீசியதும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. சுக்கானுக்கு ஆணி போட மறந்திருந்தேன், அது தனியாக மிதந்து போனது. தப்பு முழுக்க என்னுடையது. பைபர் போட்டில் வந்து எங்கள் இருவரையும், படகையும், சுக்கானையும் கரை சேர்த்த சோனாங்குப்பத்துத் தம்பிகளே, டீசல் காசு வாங்க மாட்டேன் என்றீர்கள். சரி. ஆனால் அந்த வீடியோவை மட்டும் அழித்துவிடுங்கள்.

இரண்டாம் தடவை படகு ஒழுங்காக ஓடியது. எதிர்க்காற்றில் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்து துறைமுகப் பக்கம் வரை போய்த் திரும்பியது.

வரலாற்று அட்டைகளை எழுதித் தந்த கல்லூரிப் பேராசிரியைக்கு நன்றி. 1783 ஜூன் 20ல் இதே கடலூருக்கு எதிரே தளபதி சுஃப்ரனின் 15 பிரெஞ்சுப் போர்க்கப்பல்களும் தளபதி ஹியூஸின் 18 ஆங்கிலப் போர்க்கப்பல்களும் மோதின. ஐரோப்பாவில் சமாதானத்துக்கான முதல் கையெழுத்து ஜனவரியிலேயே ஆகிவிட்டது. அந்தச் செய்தி இங்கே வந்து சேரவில்லை, அதனால் அடித்துக்கொண்டார்கள். அட்டையில் அவர் இதை நான்கே வரியில் எழுதியிருந்தார்.

புதுச்சேரியிலிருந்து வந்த முன்னாள் என்.சி.சி. கடற்படைப் பயிற்சியாளர் ஐயா பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார். கடற்படைப் பயிற்சிக்கான 27 அடி 'வேலர்' துடுப்புப் படகில் ஏன் ஐந்து துடுப்பு, ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் இரண்டு என்று கேட்டுப் பிள்ளைகளைத் திணற வைத்ததும் அவர்தான். அவருடைய பெருமை எல்லாம் தங்கள் ஊர் ரூபாவைப் பற்றி. கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, கோழிக்கோட்டு தில்னாவுடன் 56 அடி 'தாரிணி' பாய்ப்படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29ல் திரும்பினார். படகில் இவர்கள் இரண்டே பேர். "சென்னைக்கு நேத்ரா குமணன் இருக்காங்களே ஐயா, ஒலிம்பிக்ஸ் பாய்ப்படகுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்" என்று ஒரு மாணவி மடக்கினாள். "அது சின்னப் போட்டும்மா" என்று சமாளித்தார். ஐயா, இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை.

படகை வைக்கத் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் இடம் கொடுத்த சிங்காரத்தோப்பு அக்கா, கருவாடு காயப் போட இடமில்லை என்று ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை. மழைக்கு முன் வேறு கொட்டகை பார்த்துவிடுகிறோம் அக்கா.

தண்ணீர் இறைக்கப் பாதியாக வெட்டிய பெயின்ட் டப்பா யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. டீக்கடை நோட்டில் எங்கள் பெயரில் 640 ரூபாய் பாக்கி நிற்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் தந்துவிடுகிறேன்.