ஐந்நூறாவது மீட்டரில் ஒரு பலகை வேண்டும்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2023 நவம்பரில் பெசன்ட் நகரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 38 மாவட்டங்களுக்கும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை கிடைத்தது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நல்ல ஏற்பாடு. மனச்சோர்வில் இருப்பவருக்கு அந்த எட்டுதான் இடைஞ்சல். எழுந்து பல் துலக்குவதே பெரும்பாடாக இருப்பவர் 'எட்டுக் கிலோமீட்டர்' என்ற பலகையைப் பார்த்தால் செருப்பைக்கூட மாட்ட மாட்டார்.

பயிற்சியால் பலன் உண்டா என்பது இப்போது கேள்வியே இல்லை. 1999-இல் வெளியான டியூக் பல்கலைக்கழக ஆய்வில், மனச்சோர்வுள்ள, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 156 பேரிடம் 16 வாரப் பயிற்சி செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரைக்கு ஏறக்குறைய ஈடுகொடுத்தது. மாத்திரையில் குணம் சற்று முன்னதாகத் தெரிந்தது, அவ்வளவே.

ஆனால் எந்த உழைப்பு? "நாள் முழுக்க வேலை செய்யறீங்களே, அதுவே எக்சர்சைஸ்தான்" என்று கட்டட வேலைக்குப் போகிறவரிடமும் வீட்டு வேலை செய்யும் பெண்ணிடமும் சொல்லி அனுப்புகிறார்கள். நார்வேயில் 40,401 பேரிடம் நடந்த 2010 ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்த பயிற்சியோடுதான் மனச்சோர்வுக் குறைவு சேர்ந்து வந்தது. வேலையிடத்து உழைப்போடு வரவில்லை. மற்றவர்களோடு சேர்வதும் பேசுவதும் அதில் பெரும்பங்கு வகித்தன. அதே வட்டாரத்தில் 33,908 பேரை 11 ஆண்டு தொடர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, எல்லோரும் வாரம் ஒரு மணி நேரம் பயிற்சி செய்திருந்தால் புதிய மனச்சோர்வில் 12 சதவீதத்தைத் தடுத்திருக்கலாம் என்று கணித்தது. பதற்ற நோய்க்கு அந்தத் தடுப்பு தெரியவில்லை. ஆகவே விளம்பரப் பலகையில் இரண்டையும் ஒன்றாக எழுதாதீர்கள்.

நடைபாதையில் மாதத்தின் முதல் ஞாயிறு நடத்தும் முகாம் இதற்குப் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தை ஒட்டி, எட்டுப் பேர் கொண்ட குழு, வாரம் மூன்று மாலை, பத்து வாரம். முதல் வாரம் பத்தே நிமிடம். அதன்பின் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி நாற்பதில் நிறுத்தலாம். வேகத்துக்கு எளிய அளவுகோல்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பதற்றத்துக்கு ப்ரோப்ரனலால் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடித்துடிப்பு அதிகம் ஏறாது. கைக்கடிகாரத்தை நம்பினால் அளவு தவறிப்போகும். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் எடுப்பவருக்கு வெயிலும் வியர்வையும் ஆகாது, உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தளவு ஏறிவிடும். அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து எடுப்பவர் உட்கார்ந்து சட்டென எழுந்தால் தலைசுற்றலாம்.

பீதித் தாக்குதல் வருபவர்கள் பாதியில் விட்டுப்போவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. படபடப்பு, மூச்சிரைப்பு, வியர்வை என்று பயிற்சியில் வருவதெல்லாம் அவர்கள் பயப்படும் அதே அறிகுறிகள். முன்கூட்டியே சொல்லி, மெல்ல ஏற்றி, கடைசி ஐந்து நிமிடம் நடையைத் தளர்த்தி முடித்தால், இதயம் வேகமாக அடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று உடம்பே பழகிக்கொள்ளும்.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் காலடி என்ற இலக்கு வேண்டாம். அது 1960களில் ஜப்பானில் காலடிகளை எண்ணும் ஒரு கருவியை விற்க வந்த எண். எட்டாத இலக்கு, ஏற்கெனவே தன்னைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவருக்கு இன்னொரு சாட்சி. இரண்டு நாள் விட்டுப்போனால் பாதி நேரத்தில் திரும்பத் தொடங்கட்டும்; வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையும் வேண்டாம்.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவமான பி.எச்.க்யூ-9-ஐ முதல் நாளும் நான்காம், பத்தாம் வாரங்களிலும் நிரப்பச் சொல்லுங்கள். சாவைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லவே இல்லை' என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 14416 என்ற மனநல உதவி எண்ணையும் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும். நடக்கத் தொடங்கியதால் மாத்திரையை நிறுத்தலாம் என்று யாரும் சொல்லக் கூடாது.

பெண்கள் வரவேண்டுமானால் விளக்கு, கழிப்பறை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இரண்டாம் வாரமே குழு கரையும்.

செலவில்லாத வேலை ஒன்றும் உண்டு. உங்கள் நடைபாதைகளில் ஐந்நூறாவது மீட்டரில் ஒரு சிறு பலகை வையுங்கள்: "இங்கிருந்தே திரும்பலாம், இன்றைக்கு இது போதும்."

இப்படிக்கு,
மனநலமும் இயன்முறை மருத்துவமும் பார்க்கும் சிலர்