மோயாற்றுப் பாறு கூடுகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறது.

சுற்றுச்சூழல் நாள், வனவுயிரின வாரம் இரண்டும் வழக்கம்போல் நடந்தன. நீர்நாய் எச்சம் தேடும் ஆற்றோர நடை மழையால் ஒருமுறை தள்ளிப்போய் நடந்தது. தெங்குமரஹாடா பக்கம் வெளிமான் பார்க்கப் போனபோது மட்டும் வேனில் இடம் போதவில்லை.

பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, அதன் கூடு கண்காணிப்புக்கு வருகிறேன். மோயாற்றோரம் வெண்முதுகுப் பாறு பெரும்பாலும் உயர்ந்த நீர்மருதில்தான் கூடு கட்டும். ஆண்டுக்கு ஒரே முட்டை. நவம்பர் வாக்கில் இட்டால் குஞ்சு பறக்க ஏப்ரலாகிவிடும். அதுவரை மாதம் ஒருமுறையாவது அதே இடத்தில் நின்று பார்த்தால்தான் கணக்கு. எதிர்க்கரையில், நூறு மீட்டருக்கு அப்பால் நிற்பது நம் விதி; கிட்டே போனால் பறவை எழுந்துவிடும், முட்டை வெயிலில் கிடக்கும். வெயில் ஏறினால் பாறுகள் இரை தேடக் கிளம்பிவிடும் என்பதால் காலையிலேயே போக வேண்டும். கூட்டுக்குக் கீழ் இலைகளில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் புது எச்சம் இருந்தால் கூடு புழக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அதை வைத்து 'குஞ்சு உண்டு' என்று எழுதக் கூடாது. எழுதியிருக்கிறார்கள்.

நவம்பரில் கேமராவும் கையுமாக வந்த கூட்டத்தைப் பிப்ரவரியில் காணோம். மார்ச்சில் இருவர். குறிப்பேட்டில் பாதிக் கூடுகளுக்கு முட்டை உண்டு, முடிவு இல்லை. வனத்துறை அனுமதிக்கு நடையாய் நடந்தவன் நான். அந்த வெற்றுக் கட்டங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவனும் நானே.

மாட்டு மருந்து வேலை ஓரளவு நகர்ந்தது. கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து 2006 முதல் தடை. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போனதால் 2015இல் குப்பி அளவை 3 மி.லி. ஆக்கினார்கள். அதே வகை மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் 2023இல் கால்நடைக்குத் தடையாயின. இவற்றை ஊசி போட்ட ஓரிரு நாளில் செத்த மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் போய்விடும். மாற்றாக மெலாக்சிகாம் இருக்கிறது. மெதுவாகக் கேட்கிறது என்று மாட்டுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். துண்டறிக்கை ஒட்டி இது மாறாது, பட்டிக்குப் போய்ப் பேச ஆள் வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். வேன் வாடகையும் அச்சுக்கூலியும் போக, கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சந்தா பாக்கிதாரர் பெயர்களைப் பலகையில் எழுதச் செயற்குழு சொன்னது. இப்போதைக்கு எழுதவில்லை.

வனத்துறைக் களப்பணியாளர்கள், கால்நடை மருத்துவர்கள், வழிகாட்டிய இருளர் நண்பர்கள், நன்கொடையாளர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் நவம்பருக்குக் கூட்டுக்கு இருவர் வீதம் பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. யானைக் காடு, தனியாள் அனுப்புவதில்லை. ஏப்ரல் வரை வர முடிகிறவர்கள் மட்டும் எழுதவும். பேனா அங்கேயே இருக்கிறது, பக்கத்தில் சந்தா ரசீதுப் புத்தகமும்.