க்ரேட்டோஸைக் குளிப்பாட்டிவிடாதீர்கள்: சான்டா மோனிகா ஸ்டுடியோவுக்கு ஒரு திறந்த மடல்

சான்டா மோனிகா ஸ்டுடியோவில் க்ரேட்டோஸை நாயகனாக வைத்து காட் ஆஃப் வார் வீடியோ கேம்கள் செய்கிறவர்களுக்கு வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கிரேக்கக் கதைகளை வைத்து நீங்கள் செய்த முதல் மூன்று கேம்கள், அதாவது 2005, 2007, 2010ல் வந்தவை, புதிதாக மறுபடி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் நானும் உண்டு. ஆனால் ரீமேக் பேச்சு எழும்போதெல்லாம் கூடவே ஒரு பயமும் வருகிறது. 2018ல் வந்த கேமில் வயதாகிப்போன க்ரேட்டோஸாக ஊரே கொண்டாடிய அந்தத் தாடிக்கார அப்பாவின் பொறுமையையும் பக்குவத்தையும் எடுத்து இளம் க்ரேட்டோஸ் மேலும் கொஞ்சம் தடவிவிடுவீர்களோ என்று. அவன் தோல் வெளுத்திருப்பதே அவன் கையால் செத்த மனைவி, மகளின் சாம்பல் உடம்போடு ஒட்டிப்போனதால்தான். தயவுசெய்து அதைக் கழுவிவிடாதீர்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், 2018 கேமின் மிகப் பெரிய காட்சி எது என்று யாரைக் கேட்டாலும், வீட்டுத் தரைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த அந்தப் பழைய கிரேக்கக் கேம்களின் சங்கிலி வாள்களை அவன் மறுபடி வெளியே எடுக்கும் இடத்தைத்தான் சொல்வார்கள். மகன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான், அவனைக் காப்பாற்ற செத்தவர்களின் உறைபனி உலகமான ஹெல்ஹைமுக்குப் போக வேண்டும், பனிக்கோடரி அங்கே செல்லுபடியாகாது, வேறு வழியில்லை. சங்கிலியைக் கையில் சுற்றும்போது பக்கத்தில் பழைய கேம்களின் கிரேக்கத் தெய்வம் அதீனா வந்து நின்று குத்திக்காட்டுகிறாள். அந்த இடத்தில் தொண்டை அடைத்துப்போனது எங்களைப் போல 2005லிருந்து விளையாடியவர்களுக்குத்தான். அந்த வாள்களை வைத்து என்னென்ன செய்தோம் என்று எங்களுக்குத் தெரியும். "செய்தான்" இல்லை, "செய்தோம்". பட்டனை அழுத்தியது நாங்கள்தானே.

நீங்கள் சத்தம் போடாமல் சாதித்த விஷயம் இது. முதல் கேமில் பல தலை கொண்ட கடல் பூதமான ஹைட்ராவின் தொண்டையில் ஒரு கப்பல் கேப்டன் தொங்கிக்கொண்டிருப்பான். க்ரேட்டோஸ் அவனை எட்டிப் பிடிப்பான், கழுத்தில் இருக்கும் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு அவனை அப்படியே உள்ளே விட்டுவிடுவான். முதல் முறை பார்க்கும்போது சிரிப்புதான் வந்தது. அதே கேமில் பண்டோரா கோயிலுக்குள் ஒரு கூண்டு இருக்கிறது, உள்ளே உயிரோடு ஒரு வீரன், கெஞ்சிக்கொண்டே இருப்பான், அவனை மேட்டில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போய் நெருப்புக்குக் கொடுத்தால்தான் கதவு திறக்கும். இங்கே சிரிப்பு வராது. நடுவழியில் எதிரிகள் வேறு வந்து தொலைப்பார்கள், அவர்களை அடித்து முடித்துவிட்டு மறுபடி வந்து தள்ள வேண்டும், அத்தனை நேரமும் அந்த ஆள் பேசிக்கொண்டே இருப்பான். ஐரோப்பியப் பதிப்பில் அவனை எடுத்துவிட்டு ஒரு பிணப் போராளியை வைத்தீர்கள். அதனால் காட்சியின் உயிரே போய்விட்டது. பிணத்தைக் கொளுத்துவதில் யாருக்கு என்ன உறுத்தல்? ரீமேக்கில் எந்தப் பதிப்பைப் பின்பற்றப் போகிறீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி.

அடுத்தது பட்டன்கள். திரையில் குறி வரும்போது டக்கென்று அழுத்து என்கிற அந்த முறை இப்போது பழசாகிவிட்டது, எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள், தெரியும். பாதி இடங்களில் எடுத்துவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, கதவைத் தூக்க வட்டப் பட்டனைத் தட்டித் தட்டிக் கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். ஆனால் சில இடங்களில் கதையைச் சொல்வதே அந்தப் பட்டன்தான். முதல் கேமின் கடைசிச் சண்டையில் போர்க் கடவுள் ஏரிஸ் கிளப்பிவிடும் மாயத்தில் க்ரேட்டோஸின் உருவங்களே கூட்டமாக வந்து அவன் குடும்பத்தைத் தாக்கும், மனைவியையும் மகளையும் கட்டிப்பிடித்தால் நம் ஹெல்த் குறைந்து அவர்களுடைய ஹெல்த் ஏறும். வாளைத் தவிர எதையும் தெரியாத ஒருவனுக்கு, ஒரு சண்டைக்கு நடுவில், கட்டிப்பிடிக்க ஒரு பட்டன்! மூன்றாவதில் கடல் கடவுள் பொசைடனை முடிக்கும்போது பொசைடனின் கண் வழியாகவே நம்மைப் பார்க்க வைத்து, கன்ட்ரோலரின் இரண்டு குச்சிகளையும் ஒருசேர அழுத்தச் சொல்லி, அந்தக் கண்களையே நோண்ட வைத்தீர்கள். கடைசியில் க்ரேட்டோஸின் அப்பாவான ஜீயஸை அடிக்கும்போது திரை முழுக்கச் சிவந்துபோகும், எதுவும் தெரியாது, ஆனாலும் அடித்துக்கொண்டே இருக்கலாம், நிறுத்த வேண்டியது நாம்தான். எங்கே நிறுத்துவது என்று கேம் சொல்லவே சொல்லாது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, அது பெரிய கேம்களில்கூட இல்லை, 2008ல் ரெடி அட் டான் என்ற ஸ்டுடியோ பிஎஸ்பி என்கிற கையடக்கக் கருவிக்காகச் செய்த செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸில் இருக்கிறது. செத்த நல்லவர்கள் வாழும் எலீசியத்தில் மகள் கலியோபியைக் கண்டுபிடிக்கிறான், அவளோடு இருப்பதற்காகத் தன் பலத்தையெல்லாம் கொடுத்துவிடுகிறான், அப்புறம்தான் தெரிகிறது, அவன் அங்கே இருந்தால் எல்லாமே அழியும், அவளும் சேர்த்து. ஓடிவந்து கட்டிக்கொள்கிற குழந்தையை அவன் தள்ளிவிட வேண்டும், அதற்கு நாம் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கதவைத் தூக்கிய அதே பட்டன். அதைச் செய்த ஸ்டுடியோவை 2024ல் மூடிவிட்டார்கள். அந்தக் காட்சியை எடுத்துக் காக்க வேண்டியவர்கள் இனி நீங்கள்தான். வெறும் வீடியோவாக ஓட்டிவிடாதீர்கள். கையில் வலி, நடுக்கம் இருப்பவர்களுக்கு அழுத்திப் பிடித்தால் போதும் என்று ஒரு வசதி கொடுங்கள், 2018 கேமின் தொடர்ச்சியான ராக்னராக்கில் அறுபதுக்கு மேல் அணுகல் வசதிகள் வைத்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் தள்ளுவது நாமாகவே இருக்கட்டும்.

கேமரா பற்றியும் சொல்லியாக வேண்டும். தோளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரே ஷாட்டாகப் போகும் கேமரா 2018 கதைக்குப் பிரமாதம், அப்பாவும் பையனும் பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்கிற கதை அது. கிரேக்கக் கதை அப்படியில்லை. இரண்டாவது கேமின் தொடக்கத்தில் ரோட்ஸ் தீவின் வெண்கலச் சிலை எழுந்து வருகிறது. மூன்றாவதில் ஒலிம்பஸ் மலையில் ஏறும் ராட்சத பூமித்தாய் கையாவின் உடம்பே நாம் சண்டை போடும் தரை. முதல் கேமில் குரோனஸ் என்கிற ராட்சதன் முதுகில் ஒரு கோயிலைச் சுமந்துகொண்டு பாலைவனத்தில் தவழ்ந்து போகிறான். இதையெல்லாம் தோள் கேமராவில் எடுத்தால் எங்களுக்குத் தெரியப்போவது முழங்கால் மட்டும்தான். தூரத்தில் நிலையாக நின்ற அந்தப் பழைய கேமராதான் க்ரேட்டோஸை எறும்பாகக் காட்டியது, எறும்பு மலையைக் கடிப்பதுதான் அந்தக் கதை.

சரி, எதையுமே தொடாதே என்கிறேனா? இல்லை. படுக்கையறை மினிகேம்களைத் தூக்குங்கள், யாரும் தேடப்போவதில்லை. 2013ல் வந்த அசென்ஷனில் பெண்களைக் கேவலப்படுத்தும் பெயரில் ஒரு டிராஃபி வைத்து, எதிர்ப்பு வந்ததும் பெயரை மாற்றினீர்கள். அங்கே அசிங்கமாக நடந்துகொண்டது க்ரேட்டோஸ் இல்லை, நீங்கள். இந்த வித்தியாசம்தான் ரீமேக்கில் உங்களுக்கு அளவுகோலாக இருக்க வேண்டும். மூன்றாவது கேமில் பொசைடனின் காதலியை இழுத்துக்கொண்டு போய், கதவு மூடாமல் இருப்பதற்காகச் சக்கரத்தில் முட்டுக்கொடுத்து அவளைச் சாகவிடுகிறானே, அது அவன் செய்த குற்றம், அது இருக்க வேண்டும். ஆனால் அவளைப் பாதி உடையோடு நிறுத்தியது நீங்கள் எடுத்த முடிவு. உடை கொடுங்கள், ஒரு பெயரும் கொடுங்கள், காட்சி இன்னும் அதிகமாக உறுத்தும்.

புராணத்தை இஷ்டத்துக்கு வளைத்தீர்கள் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பிரச்சினையே இல்லை, கிரேக்கர்களே ஊருக்கு ஒரு விதமாகச் சொன்ன கதைகள்தானே. பித்துப் பிடித்துத் தன் பிள்ளைகளையே கொன்றவன் பழைய கதையில் ஹெராக்கிளீஸ். நீங்கள் அந்தப் பாவத்தை எடுத்து க்ரேட்டோஸ் தலையில் வைத்துவிட்டு, மூன்றாவது கேமில் ஹெர்குலிஸைப் பொறாமை பிடித்த அண்ணனாக எதிரே நிறுத்தினீர்கள். கிரேக்க நாடகத்தில் க்ரேட்டோஸ் என்றொரு பாத்திரம் ஏற்கெனவே இருக்கிறது, ஜீயஸின் ஏவலாளாக நின்று, நெருப்பைத் திருடிய பிரமீதியஸைப் பாறையில் கட்ட வைப்பவன். உங்கள் இரண்டாவது கேமிலோ அதே பெயர்க்காரன் பிரமீதியஸை நெருப்பில் விழவைத்து விடுதலை தருகிறான். இந்த மாதிரி வளைப்புகள் இன்னும் நாலு வைத்தாலும் சந்தோஷமே.

குரல், கிரேக்கக் கேம்களில் க்ரேட்டோஸாகப் பேசிய டி.சி. கார்சனுடையதாகத்தான் இருக்க வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை. 2018லிருந்து பேசும் கிறிஸ்டோபர் ஜட்ஜின் அடங்கிய குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அது கத்திக் கத்தி ஓய்ந்த மனுஷனின் குரல், கத்தினவன் வேறு ஆள். 2023 டிசம்பரில் ராக்னராக்கோடு இலவசமாகக் கொடுத்த வால்ஹல்லா என்கிற கூடுதல் பகுதியில் கிழவனைத் தன் பழைய உருவத்துக்கு எதிரில் நிறுத்திப் பேச வைத்தீர்களே, அந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருக்க வேண்டுமென்றால் எதிரே இருப்பவன் பயங்கரமானவனாக இருந்தே ஆக வேண்டும்.

கடைசியாக, உங்கள் கையிலும் சோனி கையிலும் இருக்கிற ஒரு விஷயம். முதல் இரண்டு கேம்களும் 2009ல் பிளேஸ்டேஷன் 3க்கான (பிஎஸ்3) தொகுப்பாக வந்தன, அப்புறம் கையடக்க வீட்டாவில் வந்தன, அதோடு சரி. பிஎஸ்4க்கு 2015ல் வந்தது மூன்றாவது மட்டும். கதையின் முடிவை மட்டும் விற்றுக்கொண்டிருந்தால் புதிதாக வருகிறவன் என்ன செய்வான்? 2022ல் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவைப் புதுப்பித்தபோது எங்கள் நாட்டுக்கு டீலக்ஸ் என்று வந்ததில் ஸ்ட்ரீமிங்கும் கிடையாது, அதனால் பிஎஸ்3 கேம்களை அந்த வழியாகவும் தொட முடியவில்லை. ரீமேக் எவ்வளவு நன்றாக வந்தாலும் சரி, 2005ல் வந்த கேமை வந்தபடியே, கூண்டில் கெஞ்சும் அந்த வீரனோடும் வலிக்கிற வட்டப் பட்டனோடும், குறைந்த விலையில் பக்கத்திலேயே வையுங்கள். புதுசு வந்த அன்றைக்குப் பழசைக் கடையிலிருந்து எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.